கற்றல் விளைவுகளும் அறிவியல் ஆசிரியரும்: துணை நிற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன்: தலைமையாசிரியர்கள், வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்கள், பயிற்சிக் கூட்டத்துக்குக் கருத்தாளராகப் போகிறவர்கள், பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியர்கள். வகுப்பு எடுப்பவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

கற்றல் விளைவுகள் என்று எதைச் சொல்கிறார்கள்? பாடத்திட்டம் இருக்கும்போது இது எதற்கு?

எந்தெந்தப் பாடத்தை நடத்த வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்லும். அந்த வகுப்பு முடியும்போது பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று சொல்வது கற்றல் விளைவு. 2017 பிப்ரவரியில் கல்வி உரிமைச் சட்ட விதிகளில் திருத்தம் வந்தது. வகுப்பு வாரியாக, பாட வாரியாக இந்த விளைவுகளை எழுதிவைக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டு என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்) 1 முதல் 8 வரையிலான தொடக்கக் கல்வி நிலைக்கான தொகுப்பை வெளியிட்டது.

6 முதல் 8 வரையிலான அறிவியல் பட்டியலைப் படித்தால் அதில் வரும் வினைச்சொற்கள் கண்ணில் படும். வேறுபடுத்துகிறார், வகைப்படுத்துகிறார், எளிய ஆய்வு செய்து விடை தேடுகிறார், காரணத்தோடு தொடர்புபடுத்துகிறார், படம் வரைந்து பாகம் குறிக்கிறார், சுற்றிலும் கிடைக்கும் பொருளைக் கொண்டு மாதிரி செய்கிறார், கற்றதை அன்றாட வாழ்வில் பயன்படுத்துகிறார். ‘வரையறையை ஒப்பிக்கிறார்’ என்று ஒரு வரிகூட இல்லை.

இது தேசியக் கல்விக் கொள்கையோடு வந்ததுதானே?

இல்லை. அந்தக் கொள்கை வந்தது 2020 ஜூலையில். இது அதற்கு மூன்று வருடம் மூத்தது. கூட்டத்தில் யாராவது இதைக் கிளப்பினால் தேதியைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அரசியலைத் தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளலாம்.

புத்தகம் 2018, 2019-லேயே மாறிவிட்டது. செயல்பாடு, படம், கியூ.ஆர். குறியீடு எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆசிரியர் இன்னும் என்ன மாற வேண்டும்?

நியாயமான கேள்வி. புத்தகங்கள் பழையதைவிட நல்லவைதான். ஆனால் செயல்பாட்டைக்கூட வாசித்துவிட்டுக் கடந்துபோக முடியும் என்பதுதான் சிக்கல்.

ஆறாம் வகுப்பு காந்தவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ‘தடையின்றித் தொங்கவிடப்பட்ட காந்தம் வடக்கு தெற்காக நிற்கும்’ என்ற வரியை வாசித்து, கோடு போட்டு, நோட்டில் எழுதவைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். என்.சி.இ.ஆர்.டி. பட்டியலில் ஆறாம் வகுப்புக்கான எளிய ஆய்வு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே இதைக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கேள்வியாக: தடையின்றித் தொங்கும் காந்தம் குறிப்பிட்ட ஒரு திசையில்தான் நிற்குமா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு அடுக்குப் புத்தகம், மேலே குறுக்காக ஒரு மரஸ்கேல், அதில் தையல் நூல், நூலின் நடுவில் சட்டக் காந்தம். ஒரு குழுவின் காந்தம் அழகாக வடக்கு தெற்காக நிற்கும். இரும்பு பெஞ்சில் உட்கார்ந்த குழுவுக்குக் கோணிக்கொண்டு நிற்கும். நெருக்கி உட்கார்ந்த இரண்டு குழுக்களின் காந்தங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொள்ளும். நூலில் முறுக்கு இருந்தால் காந்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், நிற்காது.

இந்த இடத்தில்தான் ஆசிரியருக்கு வியர்க்கும். ‘புத்தகத்தில் சொன்னது வரவில்லையே சார்’ என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். பழைய வழக்கப்படி, ‘அதெல்லாம் வடக்கு தெற்குதான், எழுதிக்கோ’ என்று முடித்துவிடலாம். அப்படிச் செய்யாமல், ‘உன்னுடையது மட்டும் ஏன் திரும்பி நிற்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, இடத்தை மாற்றிப் பார்ப்போமா?’ என்று கேட்டால் அந்த வகுப்பு அறிவியல் வகுப்பாகிவிடும். பெஞ்சை விட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் தொங்கவிட்டால் எல்லாக் காந்தமும் ஒரே பக்கம் திரும்பும். ‘தடையின்றி’ என்ற சொல் அந்த வரியில் ஏன் இருக்கிறது என்பது அப்போது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு வகுப்புக்கும் புத்தகம் ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான். ஆசிரியர் மாற வேண்டியது இந்த ஒரு கேள்வி அளவுக்குத்தான். சின்ன மாற்றம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், பழக்கத்துக்கு வர நாளாகும்.

ஒருநாள் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். எப்படி நடத்துவது?

பவர்பாயின்ட்டை முதலில் மூடுங்கள். கற்றல் விளைவு என்றால் என்ன என்று மதியம் வரை விளக்கினால், கேட்டவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதில் நமக்கு ஓர் உள்ளூர் முன்னுதாரணம் உண்டு. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கியது. அப்போது அதை முன்னெடுத்தவர் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார். ஆசிரியர்களிடம் சுற்றறிக்கையைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிக்கு அழைத்துப்போய், அங்கே கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாமாகப் படிப்பதைப் பார்க்கவைத்தார்கள். திரும்பி வந்து அட்டைகளை எழுதியதும் ஆசிரியர்கள்தான். 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்கப் போனது. அந்த வேகத்தில் பல ஊர்களில் அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தது, முதலில் பார்த்தவர்களுக்கு இருந்த ஈடுபாடு போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பயிற்சி நாளில் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள், அதுவும் அடுத்த இரண்டு வாரத்தில் அவர்கள் நடத்தப்போகிற பாடமாக இருக்கட்டும். காலையில் ஆசிரியர்களே பிள்ளைகளாக உட்கார்ந்து அந்த ஆய்வைச் செய்யட்டும். காந்தம் கோணிக்கொண்டு நிற்கட்டும், வாக்குவாதம் வரட்டும். அப்புறம் பட்டியலை எடுத்து, ‘நாம் காலையில் செய்ததில் இதில் எது எது வந்தது?’ என்று கேளுங்கள். மதியம் அவரவர் பள்ளிக்குத் தகுந்தபடி பாடத்தைத் திட்டமிடட்டும். வரும்போது பிள்ளைகளின் நோட்டு பத்து எடுத்துவரச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை எழுதியதைப் பார்த்துப் பேசுகிற பேச்சு பட்டியலைப் பார்த்துப் பேசுகிற பேச்சைவிட உருப்படியாக இருக்கும்.

இரண்டாவது கூட்டத்துக்கான தேதியை அன்றே குறித்துவிடுங்கள். அதைக் குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவான மையம்) மாலை ஒரு மணி நேரக் கூட்டமாக வைத்தாலே போதும். நடத்தினீர்களா, என்ன ஆனது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசுங்கள். முதல் கூட்டத்தைவிட இதில்தான் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

‘போர்ஷன் முடிக்கவே நேரமில்லை’ என்கிறார்களே?

பொய் சொல்லவில்லை. எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, விலையில்லாப் பொருள் விநியோகம், போட்டி, விழா எல்லாம் போக மிஞ்சுகிற பீரியடுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். எனவே ‘எல்லாப் பாடத்தையும் ஆய்வு வழியில் நடத்துங்கள்’ என்று சொல்லாதீர்கள். யாராலும் முடியாது.

ஒரு பருவத்தில் இரண்டு பாடங்களை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டும் ஆற அமர நடக்கட்டும். மற்றவை வழக்கம்போல ஓடட்டும். எந்த இரண்டு என்பதை ஆசிரியரே முடிவு செய்யட்டும். தனக்குப் பிடித்த பாடத்தில் அவர் துணிந்து புதியதைச் செய்து பார்ப்பார்.

இன்னொன்று. எழுதிப்போடும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி, அதைத் திருத்தி என்று போகிற பீரியடுகள் நிறைய. அதில் பாதியை மீட்டாலே நேரம் கிடைத்துவிடும்.

ஆய்வகம் இல்லை. பொருள் வாங்கப் பணமும் இல்லை.

நடுநிலைப் பள்ளியில் தனி ஆய்வகம் இருப்பது அபூர்வம்தான். 2022 நவம்பரில் தொடங்கிய அரசின் வானவில் மன்றத் திட்டத்தின் கருத்தாளர்கள் 6 முதல் 8 வரை வகுப்புகளுக்குப் பொருளோடு வந்து பரிசோதனை செய்துகாட்டுகிறார்கள். அவர் வரும் நாளில் ஆசிரியர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தலைமையாசிரியரின் வேலை. எந்தப் பாடம் ஓடுகிறது என்று கருத்தாளருக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டால் இரண்டும் பொருந்திப்போகும்.

மற்றபடி கடைத்தெருவில் கிடைப்பதே போதும். தீவனத்தில் என்ன சத்து இருக்கிறது என்பதும் அந்த ஆறாம் வகுப்புப் பட்டியலில் உள்ள ஆய்வுக் கேள்விதான். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் தவிடு, கடலைப் புண்ணாக்கு, வைக்கோல் ஆகியவற்றில் ஒரு பிடி கொண்டுவரட்டும். மருந்துக் கடை டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விட்டால், ஸ்டார்ச் இருக்கிற இடம் கருநீலமாகும். புண்ணாக்கைக் காகிதத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தால் எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவத் தெரியும். அன்றைக்கு வகுப்பில் அதிகம் பேசுவது வழக்கமாகக் கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளையாக இருக்கலாம். மாட்டைப் பற்றி அவனுக்குத்தானே தெரியும்.

மின்சுற்றுப் பாடத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பழைய டார்ச் பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, எல்.இ.டி.தான் கொடுப்பார்கள். ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் சாதாரண எல்.இ.டி. எரியாது. மாற்றிப் பொருத்தினாலும் எரியாது. இது தெரியாமல் வகுப்பில் நின்றால் பாடம் பாழ். சிவப்பு எல்.இ.டி. ஒன்று, செல் இரண்டு, நடுவில் 100 ஓம் மின்தடை ஒன்று. நீளமான காலை நேர்முனைப் பக்கம் இணைக்க வேண்டும். முதல்நாளே ஒருமுறை எரியவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விலங்கியல் படித்தவர் இயற்பியல் நடத்துகிறார். அவருக்கே தடுமாற்றம் இருக்கும்போது பிள்ளைகளிடம் கேள்வியை எப்படித் திறந்துவிடுவார்?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இதுதான். நடுநிலைப் பள்ளியில் அறிவியலுக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான். அவர் படித்தது வேதியியலாக இருக்கலாம், தாவரவியலாக இருக்கலாம். நாலு துறையையும் அவர்தான் நடத்த வேண்டும். பாடத்தை வாசித்து முடித்துவிடுவது பல நேரம் சோம்பலால் அல்ல, பயத்தால். பிள்ளை கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இதை நேரடியாகப் பேசக் கூச்சப்படுவார்கள். அதனால் எல்லோரையும் சமமாக்கும் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: சின்னக் கன்று நட்டோம், பெரிய மரமாகிவிட்டது, அந்த மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

‘மண்ணிலிருந்து’ என்று அறையில் பலரும் சொல்வார்கள், தாவரவியல் படித்தவர்கள் உட்பட. ஒளிச்சேர்க்கைச் சமன்பாடு அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கும் எதிரே நிற்கும் புளியமரத்துக்கும் முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது வான் ஹெல்மாண்ட் என்ற ஐரோப்பிய விஞ்ஞானியைக் கொண்டுவாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் அவர் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை, உலர்த்தி நிறுத்த மண்ணில் நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி ஐந்து ஆண்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். எடை முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். பாதிதான் சரி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவே இல்லை.

இதைப் பேசி முடிக்கும்போது இரண்டு விஷயம் நடந்திருக்கும். ஒன்று, ஒளிச்சேர்க்கை ஓர் எடைக் கணக்காக அவர்களுக்குப் புரிந்திருக்கும். இன்னொன்று, அளவெடுத்துப் பார்த்த விஞ்ஞானியே பாதி விடையோடு நின்றார் என்று தெரிந்த பிறகு, ‘எனக்குத் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று வகுப்பில் சொல்ல நாக்கு வரும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தலைமையாசிரியர் அனுமதிக்கிறார் என்று ஆசிரியர் நம்ப வேண்டும், அது முக்கியம்.

நடைமுறையில், பக்கத்துப் பள்ளிகளில் ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் என்று நாலு பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு அமையுங்கள். காலை வணக்கப் படங்கள் வராத குழுவாக இருந்தால் பிழைக்கும்.

தேர்வு மாறாமல் வகுப்பு மட்டும் எப்படி மாறும்?

மாறாது. இதைச் சுற்றி வளைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆசிரியர் எதை நோக்கி ஓட வேண்டும் என்பதைச் சுற்றறிக்கை தீர்மானிப்பதில்லை, கேள்வித்தாள்தான் தீர்மானிக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. அந்த 75-க்குப் புக் பேக் கேள்விகளை உருப்போடுவதுதான் வழி என்று பெற்றோர் நம்பும்வரை, எட்டாம் வகுப்பு ஆசிரியரும் அதற்கே தயார்படுத்துவார்.

ஆனால் 6, 7, 8 வகுப்புகளில் பள்ளியின் கையிலேயே கொஞ்சம் இடம் இருக்கிறது. பாடம் நடக்கும்போதே அவ்வப்போது வைக்கும் வளரறி மதிப்பீட்டுக் கேள்வியை ஆசிரியரே எழுதுகிறார். அங்கிருந்து தொடங்கலாம். ‘காந்தத்தின் பண்புகளை எழுதுக’ என்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்:

‘பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு உலோகச் சட்டங்கள் உள்ளன. ஒன்று காந்தம், மற்றது வெறும் இரும்பு. வேறு எந்தப் பொருளும் இல்லாமல், எது காந்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?’

ஒன்றின் முனையை இன்னொன்றின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். வலுவாக ஈர்த்தால் கையில் இருப்பது காந்தம். ஈர்ப்பே இல்லாதது போலிருந்தால் கீழே இருப்பதுதான் காந்தம், ஏனென்றால் சட்டக் காந்தத்தின் நடுவில் ஈர்ப்பு மிகக் குறைவு. புத்தகத்தில் உள்ள பண்பைத்தான் கேட்கிறோம், ஆனால் ஒப்பித்து எழுத முடியாது.

திருத்துவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். ‘இரண்டையும் ஒட்டிப் பார்ப்பேன்’ என்று மட்டும் எழுதிய பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண்? ‘நடுவில் வைப்பேன்’ என்று எழுதிக் காரணம் சொல்லாத பிள்ளைக்கு? நாலு ஆசிரியர்கள் ஒரே விடைத்தாளைத் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், எதை எதிர்பார்க்கிறோம் என்பது அவர்களுக்கே தெளிவாகும். தேசிய அடைவுத் தேர்வும் (2017, 2021) எட்டாம் வகுப்பு அறிவியலில் கற்றல் விளைவுகளை வைத்துத்தான் கேட்டது. இந்த மாதிரிக் கேள்விகள் அப்படிப்பட்ட தேர்வுகளுக்கும் உதவும் என்று சொன்னால் மேலதிகாரிகள் தடுக்க மாட்டார்கள்.

பாடக்குறிப்பில் கற்றல் விளைவு எண்ணை எழுத வேண்டுமா?

எழுதச் சொன்னால் எழுதட்டும். அதைச் சரிபார்ப்பதையே வகுப்பைப் பார்வையிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எண் சரியாக இருக்கிற குறிப்பேட்டுக்குப் பின்னால் பழைய வகுப்பே நடந்துகொண்டிருக்கலாம்.

அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர், ‘இதெல்லாம் நாங்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம்’ என்கிறார்.

பார்த்திருக்கிறார்தான். செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி, முப்பருவம், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்று ஒவ்வொன்றும் அவர் காலத்தில் வந்து, சில போயும்விட்டன. அடுத்த அதிகாரி வரும்வரைதான் இது என்று அவர் நினைத்தால், அதற்கு அவரிடம் சான்று இருக்கிறது.

வாதாடாதீர்கள். அவர் ஏற்கெனவே நன்றாகச் செய்கிற ஒன்றைத் தேடுங்கள். எப்படியும் ஒன்று இருக்கும். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையும் சோப்புத் தண்ணீரும் விட்டு நிறம் மாறுவதை அவர் இருபது ஆண்டாகச் செய்துகாட்டிக்கொண்டிருக்கலாம். ‘சார், இதையே பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து பொருள் கொண்டுவந்து வகைப்படுத்தினால் எப்படி?’ என்று கேளுங்கள். அவருடைய வகுப்பைப் பார்க்க இளையவர்களை அனுப்புங்கள். அதற்குமேல் நாம் அவரை மாற்றத் தேவையில்லை.

வகுப்பைப் பார்வையிடப் போகும்போது எதைப் பார்ப்பது?

யார் அதிகம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்றும் பாருங்கள். தவறான விடை வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போகிறாரா, ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று கேட்கிறாரா? இவ்வளவும் தெரிந்தால் போதும். வகுப்பு நடுவில் எழுந்து திருத்தாதீர்கள், பிள்ளைகள் முன்னால் கருத்துச் சொல்லாதீர்கள். வெளியே வந்ததும் முதலில் ஆசிரியரைப் பேசவிடுங்கள்.

இது வேரூன்ற எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்காவில் 2013-ல் அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள் வெளியாயின. ஆய்வு செய்வதையும் விளக்கம் கட்டுவதையும் பாடக் கருத்தோடு பின்னிக் கேட்கும் தரநிலைகள் அவை. கலிபோர்னியா அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதற்கான வழிகாட்டு நூல் 2016-ல்தான் வந்தது, மாநிலத் தேர்வு முழு அளவில் நடக்க 2019 ஆனது. நம்மைவிடப் பணமும் வசதியும் உள்ள மாநிலத்துக்கே தேர்வுத் தாளை மாற்ற ஆறு வருடம். நாம் ஒரு கல்வியாண்டில் ‘நூறு சதவீதம் நிறைவு’ என்று அறிக்கை கேட்டால், அறிக்கை மட்டும்தான் வரும்.

‘நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே’ என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

கேட்பார்கள். பிள்ளை படிக்கிறது என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே அடையாளம் நோட்டுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், அந்த இரண்டு உலோகச் சட்டங்கள் பற்றிய கேள்வியை அவர்களிடமே கொடுங்கள், காந்தத்தையும் இரும்பையும் மேசையில் வைத்து. அவர்கள் ஏழெட்டு நிமிடம் தடவிப் பார்த்த பிறகு, அவர்கள் மகளோ மகனோ வந்து செய்துகாட்டட்டும். நோட்டிலும் குறை வைக்க வேண்டியதில்லை. என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன நடந்தது, ஏன் என்று ஆய்வுக்கு ஒரு பக்கம் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார்.